மானுக்கும் பன்றிக்கும் ஒரே ரைஃபிள்: எந்த காலிபர் எடுக்கலாம்?

சாப்டூர்க்காரன்:
வணக்கம். சொந்த ஊர் சாப்டூர் பக்கம். வேலை டெக்சாஸ் ஆஸ்டினில், எச்1பி விசா. இப்போது லீவில் ஊரில்தான் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவரின் மாமனாருக்கு லானோ பக்கம் பண்ணை இருக்கிறது. நவம்பரில் மான் சீசன் தொடங்கியதும் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளைவால் மான் உண்டு, காட்டுப்பன்றி அதைவிட அதிகமாம்.

துப்பாக்கி என்றால் எனக்குத் தெரிந்தது கல்லூரி என்.சி.சி.யில் சுட்ட 22 மட்டும். கடையில் கேட்டால் 243, 6.5 க்ரீட்மூர், 308, 30-06 என்று காலிபர்களை, அதாவது குழல், தோட்டா அளவுகளை, அடுக்குகிறார்கள். இன்னொரு நண்பர், ஏ.ஆர்-15இல் வருகிற 223 போதும் என்கிறார். நான் ஒன்றுதான் வாங்குவேன். ஆள் ஒல்லி, 58 கிலோ. சுடுவதெல்லாம் நூறு கஜத்துக்குள்தான் இருக்கும், மக்காச்சோளம் கொட்டுகிற ஃபீடர் பக்கத்தில். எதை எடுக்கலாம்?

அப்பா வேறு கேட்கிறார், "நம்ம காட்டுச் சோளத்தைத் தின்கிற பன்றியை ஒண்ணும் பண்ண முடியல, நீ அங்க போய்ச் சுடப்போறியாக்கும்?" என்று. அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள்.

உசிலை எக்ஸ்-சர்வீஸ்:
தம்பி, நான் ஹவில்தாராக ரிட்டயர் ஆனவன். ராணுவ ரைஃபிள்களில் எஸ்.எல்.ஆரும் தூக்கியிருக்கிறேன், இன்சாஸும் தூக்கியிருக்கிறேன். நீங்கள் சொல்கிற 308, எஸ்.எல்.ஆரின் 7.62க்குக் கூடப்பிறந்தது. 1952இல் வின்செஸ்டர் கம்பெனி வேட்டைக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தது, 1954இல் நேட்டோ நாடுகள் கிட்டத்தட்ட அதையே ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டன. அதேபோல 223, இன்சாஸின் 5.56க்குப் பங்காளி. நம் ஊரில் 7.62உம் 303உம் சிவிலியனுக்குத் தடை. லைசென்ஸ் இருந்தாலும் பெரும்பாலும் 315 ரைஃபிள் அல்லது 12 போர்தான். அங்கே கடை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், உங்கள் அதிர்ஷ்டம்.

223 குண்டு சாதாரணமாக 55 கிரெய்ன், மூன்றரை கிராம். 308 குண்டு 150 கிரெய்ன், பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெளியே வரும்போது இருக்கிற சக்தியும் 308இல் பாதிதான் 223க்கு. மான் விழும், நான் மறுக்கவில்லை. பெரிய ஆண் பன்றி என்றால் எனக்கு மனசு ஒப்பாது.

ஆனால் காலிபரைவிடப் பெரிய விஷயம் பன்றியின் உடம்பு. மானுக்கு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் நுரையீரல். அதே இடத்தில் பன்றிக்கு வைத்தால் பெரும்பாலும் ஈரலும் குடலும்தான் கிழியும், அடிபட்ட பன்றி முள்ளுக்குள் புகுந்துவிடும். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் முன்னங்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கின்றன. காலோடு நேர்கோட்டில், அடிவயிற்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்க வேண்டும். கிழட்டு ஆண் பன்றிக்கு அந்தத் தோள்பட்டையில் தடித்த நார்த்தோல் கேடயம் கட்டினதுபோல் இருக்கும். அதைத் துளைத்து உள்ளே போகிற குண்டு வேண்டும்.

அதனால் குண்டு ராணுவத்து மாதிரி முழுக்கச் செப்புறை போட்டதாக இருக்கக் கூடாது. அது சின்ன ஓட்டை போட்டு அந்தப்பக்கம் போய்விடும். மூக்கு திறந்து விரிகிற சாஃப்ட் பாயின்ட் வாங்குங்கள். கறியில் ஈயத்தூள் கலக்கும் என்ற பயம் இருந்தால் ஈயமே இல்லாமல் செப்பாலேயே செய்த, விரிகிற குண்டும் வருகிறது.

என் ஓட்டு 308.

மேலூர் டு சான் ஆன்டோனியோ:
ஹவில்தார் ஐயா சொன்ன பன்றி உடற்கூறு நூற்றுக்கு நூறு. காலிபரில் மட்டும் நான் மாறுபடுகிறேன். லானோ பக்கத்து மான் சின்னது, பெட்டை 40 கிலோ வந்தாலே அதிகம். 243இல் 100 கிரெய்ன் தாராளம். பன்றியும் வேண்டும் என்பதால் நான் 6.5 க்ரீட்மூர் எடுப்பேன். 140 கிரெய்ன், நீளமான குண்டு, நன்றாக ஊடுருவும். சுடும்போது தோளில் விழுகிற உதை 308ஐவிடக் குறைவு. 2007இல் வந்த புதுசுதான், ஆனால் இப்போது எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்கிறது. 30-06 நல்ல பழைய காலிபர், நூறு கஜத்துக்கு அது வீண் உதை.

அதைவிட முக்கியமானது சாப்டூர்த் தம்பியின் விசா. எச்1பியில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. தனியார் நிலத்தில் நிலக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட டெக்சாஸில் 2019இலிருந்து லைசென்ஸே வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு நம் ஆட்கள் சிலர் வெறுங்கையோடு போய் நண்பர் துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறார்கள். பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம், உங்கள் கையில் இருக்கிற துப்பாக்கிக்கு வேண்டும். மானுக்கு எப்படியும் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் முடிக்க வேண்டும். இன்னொன்று: 22 மாதிரி ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கிற) தோட்டாவால் அங்கே மான் சுடக் கூடாது, என்.சி.சி. ஞாபகத்தில் போய்விடாதீர்கள்.

ஒரு வேடிக்கை. நம் புள்ளிமானை 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அந்த மலைப்பக்கம் முழுக்கத் திரிகிறது. வெளிநாட்டு மிருகம் என்பதால் அதற்கு சீசன் கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். நம் ஊரில் தொட்டால் ஜெயில்.

கல்லுப்பட்டி சம்சாரி:
தம்பி, உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. எங்களுக்கு எந்த காலிபர் என்ற பிரச்சினையே இல்லை. பன்றியும் வனவிலங்குச் சட்டத்தில்தான் வருகிறது. சேலை கட்டியாயிற்று, முடி தூவியாயிற்று, பட்டாசும் போட்டாயிற்று. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கூட்டமாக வந்து, தட்டையை மார்பால் சாய்த்து, கதிரில் பாதியைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த தட்டைக்குப் போகும். தின்பதைவிட சாய்ப்பது அதிகம்.

2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு மேலே போனால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். வி.ஏ.ஓ., பஞ்சாயத்துத் தலைவர், வனத்துறை ஆள் சேர்ந்த கமிட்டி வழியாக மனு போக வேண்டும். சாப்டூரில் உங்கள் நிலம் மலையடிவாரமாக இருந்தால் முதல் கணக்கில்தான் வரும். அந்தப் பக்கம் இப்போது புலிகள் காப்பகம் வேறு. அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவுட்டுக்காய் (தின்றால் வெடிக்கிற நாட்டு வெடி), கரண்ட் கம்பி என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாடும் மனுஷனும்தான் முதலில் போகிறது.

சாப்டூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. லைசென்ஸ் விஷயம் தெரியவே தெரியாது, மேலூர் அண்ணே. எங்கள் நிலம் அடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், அப்பா முகம் சுருங்கிவிட்டது.

ஹவில்தார் ஐயா, 58 கிலோ ஆளுக்கு 308 தாங்குமா? 6.5 என்றால் பன்றிக்குக் குறை வருமா?

உசிலை எக்ஸ்-சர்வீஸ்:
சரி தம்பி, எடைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. எஸ்.எல்.ஆர். நாலு கிலோவுக்கு மேல், வெடிவாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற கேஸ் சிஸ்டம் உதையில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற வேட்டை போல்ட் ஆக்‌ஷன் மூன்று சில்லறை கிலோதான், உதை முழுசாகத் தோளுக்கு வரும். வலி ஒன்றும் பெரிதில்லை. அடுத்த ரவுண்டுக்கு உடம்பு முன்கூட்டியே சுருங்கும், அதுதான் கெடுதல்.

ரெக்ரூட்டுகளுக்கு எங்கள் உஸ்தாத் ஒரு வேலை செய்வார். அவர்களுக்குத் தெரியாமல் நல்ல ரவுண்டுகளுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைச் சொருகிவிடுவார். ட்ரிகர் இழுத்ததும் "டிக்" என்று சத்தம் மட்டும் வரும், ஆனால் பேரல் முனை ஒரு சாண் கீழே குத்தும். கண்ணும் மூடியிருக்கும். அவனுக்கே வெட்கமாகிவிடும். நீங்களும் ரேஞ்சில் யாரையாவது விட்டு அப்படிச் செய்து பாருங்கள். 308இல் முனை குத்தி 6.5இல் குத்தாமல் இருந்தால் 6.5ஏ எடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நூறு கஜத்தில் தோளில் சரியாக விழுந்த 6.5க்குப் பன்றி தாங்காது. காதுக்கு மஃப் போடாமல் சுடாதீர்கள், எனக்கு இடதுகாது பாதிதான் கேட்கிறது.

மேலூர் டு சான் ஆன்டோனியோ:
ஐயா இறங்கி வந்துவிட்டார்! தம்பி, டெக்சாஸ் லைசென்ஸ் வருடம் செப்டம்பர் 1இல் தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடியும். புதுசு ஆகஸ்ட் 15இலிருந்து விற்பார்கள். இப்போதே பழைய வருடத்து லைசென்ஸ் எடுத்தால் நவம்பருக்கு ஆகாது. பன்றியை அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம், புருசெல்லா காய்ச்சல் அதிலிருந்து மனிதருக்கு வரும். கறியை நன்றாக வேக வையுங்கள்.