பால் அலர்ஜி: ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை): 3 வயதுப் பிள்ளை. பால்மா குடித்து அரை மணித்தியாலத்துக்குள் தடிப்பு, வாந்தி. பசும்பால் அலர்ஜி என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆட்டுப்பால், எருமைத் தயிர், லக்டோஸ் இல்லாத பால், எது சரிவரும்? நன்றாகக் காய்ச்சினால்?

பதில் 1: மூன்றும் வேண்டாம். அலர்ஜி பாலின் புரதத்துக்கு. லக்டோஸ் வெறும் சீனி. அதை நீக்கினாலும் கேசீன் என்ற பால் புரதம் அப்படியே கிடக்கும். ஆட்டுப்பால், எருமைப்பால் கேசீனும் ஏறக்குறைய அதே அச்சுத்தான். காய்ச்சினால் மோர்ப்புரதம் (வே) என்ற மற்றப் புரதம் கொஞ்சம் உருக்குலையும், கேசீன் சூட்டுக்கு மசியாது.

பதில் 2: பாலப்பம், பாற்சோறு என்றால் பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்கோ, அது தேங்காய்ப்பால். கடையில் வாங்கினால் மட்டும் பால்மா கலந்ததா என்று கேளுங்கோ. ஆனால் தேங்காய்ப்பால் பசும்பாலுக்கு ஈடில்லை, கல்சியமும் புரதமும் குறைவு. இந்த வயதுக்கு நாளுக்கு 700 மி.கி. கல்சியம் வேணும். டொக்டர் சம்மதித்தால் கல்சியம் சேர்த்த சோயாப்பால். பக்கற்றை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கோ, கல்சியம் அடியில் படியும். நெத்தலியை முள்ளோடு பொரித்துக் கொடுக்கலாம். பிஸ்கட் பக்கற்றில் 'வே பவுடர்', 'கேசினேற்', 'மில்க் சொலிட்ஸ்' என்று பாலின் பெயர் எதுவும் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கோ.

பதில் 3: குரல் கம்மினால், மூச்சு இழுத்தால் பிரிட்டோன் (Piriton, அலர்ஜி மருந்து) சிரப்போடு காத்திருக்க வேண்டாம். அது தடிப்பை அடக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்கு அட்ரினலின் ஊசிதான். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.