கைவினைஞர்களிடம் நேரில் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: விலை மட்டும்தானா நியாயம்?

பாளையங்கோட்டையிலிருந்து

தங்கை கல்யாணத்துக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் பட்டுப்பாய் சொல்லி வைத்தோம். பெயர்தான் பட்டு, நெய்வது கோரைப் புல்லில். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்தத் தேதி எல்லாம் பாயிலேயே நெய்து வரும். பிளாஸ்டிக் பாய் வீட்டுக்கு வீடு வந்துவிட்டாலும் கல்யாணத்துக்கு இந்தப் பாய்தான் வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் பிடிவாதம்.

நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். வீட்டுக் கூடத்திலேயே தரையோடு தரையாகத் தறி கிடக்கும். நாங்கள் போன வீட்டு அம்மா விலையைச் சொன்னதும், கூட வந்த பெரியப்பா, "பஜார்ல இதுல கால்வாசிக்குத் தாரானே" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. முரட்டுப் பாய் ஒன்றையும் நயம் பாய் ஒன்றையும் எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். "கையை வச்சுத் தடவிப் பாருங்க அண்ணாச்சி, பொறவு பேசுவோம்." பெரியப்பா அப்புறம் பேசவில்லை. சாதாரணப் பாய்க்குப் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) குறைவு. நயம் பாயில் அது நூறைத் தாண்டும், 140 வரைகூடப் போகும். அதற்கேற்றபடி கோரையும் மெல்லிசாக வேண்டும். பச்சைக் கோரையை அறுத்து, பிளந்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் தறிக்குக் கொண்டுவர முடியும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கதையை வைத்துக் கோரை வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

நான் இங்கே எழுத வந்தது விலையைப் பற்றி அல்ல. அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"கடைக்காரங்க பாயை வாங்கிட்டுப் போவாங்க தம்பி. வித்தாத்தான் துட்டு. விக்கலைன்னா ஆறு மாசம் கழிச்சுப் பாயே திரும்பி வரும், அதுவும் மடிப்பு விழுந்து. கோரைக்காரனுக்கும் சாயத்துக்கும் நான் இன்னைக்கே குடுக்கணும்லா."

பேரம் பேசுவது தப்பு என்று எல்லாரும் எழுதுகிறோம். சரிதான். ஆனால் முழு விலையையும் ஒப்புக்கொண்டு பணத்தை மட்டும் ஆறு மாதம் கழித்துத் தருகிறவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த ஆறு மாதத்துக்கு வட்டி கட்டுவது நெய்கிறவர்தான். நூறு ரூபாயைக் குறைத்துக் கேட்கிற பெரியப்பாவைவிட அந்த நல்ல மனிதர்தான் அதிகச் சேதம் செய்கிறார் என்பது என் எண்ணம்.

அகமதாபாத்திலிருந்து (சொந்த ஊர் ஈரோடு)

மேலே சொன்ன "பஜார்ல கால்வாசி" கதை இங்கே குஜராத்தில் கட்ச் பக்கமும் அப்படியேதான். வேலை விஷயமாகப் புஜ் போனபோது பக்கத்தில் இருக்கும் அஜ்ரக்பூருக்குப் போனேன். அஜ்ரக் என்பது மரக்கட்டை அச்சால் இயற்கைச் சாயம் அடிக்கும் துணி. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான ஊர். அதற்கு முன் இந்தத் தொழில் செய்யும் கத்ரி சமூகக் குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் இருந்தார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரில் இரும்புச் சத்து கூடிப்போய்ச் சாயம் சரியாக வரவில்லை. தொழிலே தண்ணீரை நம்பித்தான் என்பதால் பல குடும்பங்கள் இடம் மாறிவிட்டன.

பட்டறையில் பார்த்த சாமான்கள் பலதும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. கடுக்காய், படிகாரம், நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி, சுண்ணாம்பு, பிசின். துணியை முதலில் ஆமணக்கெண்ணெயும் ஒட்டகச் சாணமும் போட்டு ஊறவைக்கிறார்கள். கறுப்பு நிறத்துக்குப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அந்தத் தொட்டிப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. அதைப் புளியங்கொட்டை மாவு போட்டுக் கெட்டியாக்கி அச்சுக் கட்டையில் தொட்டு அடிப்பார்கள். பிறகு துவைத்து, காயவைத்து, அவுரியில் முக்கி, மறுபடி துவைத்து... ஒரு துணி முடிய வாரக்கணக்கு ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் இழுக்கும்.

இதே டிசைனை ஸ்கிரீன் பிரிண்டில் ஒரே நாளில் அடித்து, "ஒரிஜினல் அஜ்ரக்" என்று இங்கே கடைகளில் விற்கிறார்கள். நானே ஒரு கடையில் பார்த்தேன். கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு) கிடைத்துவிட்டது. அப்படியும் தெருவுக்குத் தெரு இதுதான் நிலைமை. வாங்கும்போது துணியைக் கிட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் எங்கேயாவது ஒரு மயிரிழை விலகி இருக்கும். அச்சுப் பிசகாமல் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

இரண்டு பேரும் எழுதியதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். "நேரில் போய் வாங்கினால்தான் நியாயம்" என்ற தொனி. நான் கைவினைப் பொருள் விற்கும் ஒரு சின்ன அமைப்பில் கணக்கு எழுதுகிறேன். இங்கே நீலகிரியின் பழங்குடியினரான தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலாகத் தைக்கும் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் படம் வரைந்துகொள்வது கிடையாது, இழையை எண்ணி எண்ணித்தான் தைக்கிறார்கள். சீசனுக்கு வரும் சுற்றுலாக்காரர் ஒன்று வாங்கிப் போவார், போட்டோ எடுப்பார். அடைமழை மாதங்களில் யார் வருவார்கள்? அப்போதும் ஆர்டர் தர ஒருவர் வேண்டும். விற்காமல் தங்கும் சரக்கின் நஷ்டத்தை ஏற்க ஒருவர் வேண்டும். சரியான இடைத்தரகர் அதற்குத்தான்.

செய்பவருக்கு நியாயம் கிடைக்கும்படி வணிகம் செய்வோரின் கூட்டமைப்பான உலக நியாய வணிக அமைப்பின் (WFTO) பத்துக் கொள்கைகளில் பணம் தரும் முறையும் உண்டு. கைவினைப் பொருளுக்கு, செய்பவர் கேட்டால், குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். பத்தமடை அம்மா எந்த ஏட்டையும் படிக்காமல் கேட்டது அதே கணக்குதான்! ஆகவே கடையில் வாங்குகிறவர்கள் "இது யார் செய்தது?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "அவர்களுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டதா, இல்லை விற்ற பிறகுதானா?" என்றும் கேளுங்கள். ஒழுங்கான இடம் என்றால் உடனே பதில் வரும். முதல் கேள்விக்கு எல்லாரும் ஒரு கதை வைத்திருப்பார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடி

கோத்தகிரிக்காரர் சொல்வது சரி. சரக்கைத் தாங்குகிற தரகர் வேறு, சரக்கைத் திருப்பி அனுப்புகிற தரகர் வேறு. நான் இரண்டையும் ஒன்றாகச் சொல்லவில்லை.

தனிச் செய்தியில் சிலர் கேட்டதால்: கல்யாணப் பாய் வேண்டுமானால் தேதி குறித்த கையோடு போய்ச் சொல்லுங்கள், கடைசி மாதத்தில் போய் நிற்காதீர்கள். பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். எங்கள் மாப்பிள்ளை பெயரில் ஒற்று வருமா வராதா என்று அவர் வீட்டிலேயே இரண்டு கட்சி. அது தீர்ந்த பிறகுதான் பாவு ஓட்டினார்கள்.