ஆன்லைன் பேக்கப் நாள்கணக்கில் ஓடுகிறது; முடிந்ததும் கணினியில் படங்களை நீக்கலாமா?

தேனி ஸ்டுடியோ:
வணக்கம். சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களின் மூலக் கோப்புகள் மட்டும் 400 ஜிபி இருக்கின்றன. ஆன்லைன் பேக்கப் மென்பொருள் ஒன்றை நிறுவியிருக்கிறேன். இணைய வேகம் 50 எம்பிபிஎஸ் என்று பில்லில் இருக்கிறது. ஆனாலும் முதல் பேக்கப் முடிய 4 நாள் ஆகும் என்று காட்டுகிறது. ஏதேனும் கோளாறா? ஒவ்வொரு முறையும் இவ்வளவு நேரம் ஆகுமா? ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டதால், ஏற்றி முடித்ததும் பழைய படங்களைக் கணினியிலிருந்து நீக்க நினைக்கிறேன்.

வட்டுக்காவலர்:
கோளாறு இல்லை. பில்லில் உள்ளது பதிவிறக்க வேகமாக இருக்கும். பேக்கப்புக்குத் தேவை பதிவேற்ற வேகம். வேகச் சோதனையில் அதைத் தனியாகப் பாருங்கள். அது 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 10 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆக நொடிக்கு 1.25 மெகாபைட்தான். 400 ஜிபி ஏறச் சுமார் 89 மணி நேரம் ஆகும். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

முதலில் நடப்பது முழு பேக்கப். அதன்பின் புதிய கோப்புகளும் மாறிய கோப்புகளும் மட்டுமே போகும். இதுதான் இன்கிரிமென்டல் பேக்கப். முடியும்வரை கணினி ஸ்லீப் நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைக் கணினி:
ஐயா, தயவுசெய்து எதையும் நீக்காதீர்கள்! கணினியில் நீக்கிய கோப்பைச் சில பேக்கப் சேவைகள் குறிப்பிட்ட காலம் மட்டுமே வைத்திருந்து, பிறகு தாங்களும் அழித்துவிடும். அந்தக் காலக்கெடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சிங்க் செய்யும் சேவை, அதாவது கணினியிலும் ஆன்லைனிலும் கோப்புகளை ஒரேமாதிரி வைத்திருக்கும் சேவை என்றால் இன்னும் மோசம்: இங்கே நீக்கிய உடனே அங்கேயும் நீங்கிவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில்கூட 30 நாள்தான் இருக்கும்.

சேவை அழிக்காமலே வைத்திருந்தாலும், கணினியில் நீக்கிய பிறகு உங்களிடம் மிஞ்சுவது ஒரே பிரதி. அதற்குப் பெயர் பேக்கப் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் வாடிக்கையாளர்களின் தரவுகளைத் தன் சர்வர்களில் வைத்திருக்கும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. மூலமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையுமே இழந்தார்கள். 3-2-1 என்ற விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வெளியிடத்தில். இடம் போதவில்லை என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிப் பழைய படங்களை அதற்கு மாற்றுங்கள். அந்த டிஸ்க்கையும் பேக்கப்பில் சேருங்கள். அதை அவ்வப்போது கணினியில் இணைக்கவும் வேண்டும். வெகுநாள் இணைக்காத டிஸ்க்கை நீக்கியதாகவே கருதும் சேவைகள் உண்டு.

தேனி ஸ்டுடியோ:
நல்லவேளை கேட்டேன், எதையும் நீக்கவில்லை. பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ்தான். அமைப்பில் 'தனிப்பட்ட என்கிரிப்ஷன் சாவி' வேண்டுமா என்று கேட்கிறது. கொடுக்கலாமா?

வட்டுக்காவலர்:
கொடுத்தால் சேவை நிறுவனத்தாராலும் உங்கள் படங்களைத் திறந்து பார்க்க முடியாது. வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் என்பதால் கொடுப்பதே நல்லது என்பேன். ஆனால் சாவி தொலைந்தால் மீட்டுத்தர அவர்களாலும் முடியாது. தாளில் எழுதி, கணினி இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். பேக்கப் முடிந்ததும் ஓர் ஆல்பத்தை வேறு ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்து (பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்து), படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.