குடும்ப டிரஸ்ட் பேர்ல நஞ்சை கிரயம்: பதிய மாட்டேங்கறாங்க, அவசரம்

கீழத்தெரு_செல்வம்:
வணக்கம். எங்க குடும்ப டிரஸ்ட் பேர்ல நாலு ஏக்கர் நஞ்சை வாங்கறோம். பத்திரம் கொண்டு போனா, இப்படி எழுதியிருந்தா பதிய முடியாது, மாத்திட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை டோக்கன். விக்கறவர் வேற பார்ட்டிக்குக் கொடுத்துடுவேங்கறார். என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்திரப்பட்டறை:
எந்த மாவட்டம்? தனியார் டிரஸ்ட்டா, தர்ம காரியத்துக்கான பொது டிரஸ்ட்டா? வாங்குபவர்னு வர்ற வரியை அப்படியே போடுங்க.

வாய்க்கால்_வரப்பு:
விவசாயியா இருந்தாத்தான் விவசாய நிலம் வாங்க முடியும். டிரஸ்ட் எப்படி விவசாயி ஆகும்? அதான் நிறுத்தியிருப்பாங்க. பேசாம கூட்டுக்குடும்பம் பேர்ல வாங்கிடுங்க.

பத்திரப்பட்டறை:
அந்தக் கட்டுப்பாடு மகாராஷ்டிரத்துல இருக்கு. கர்நாடகத்துல இருந்தது, 2020ல அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டத்துல அதுக்கான 79ஏ, 79பி பிரிவுகளை எடுத்துட்டாங்க. தமிழ்நாட்டுல கிடையாது. அவரைக் குழப்பாதீங்க.

டெல்டா_மணி:
டிரஸ்டிகள் எத்தனை பேர்? யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா? டிரஸ்ட் பத்திரம் பதிவானதா? டிரஸ்ட்டுக்குத் தனி பான் இருக்கா? இதெல்லாம் சொல்லாம பதில் சொல்ல முடியாது.

கீழத்தெரு_செல்வம்:
தஞ்சாவூர் பக்கம். தனியார்தான், பதிவானது, பான் இருக்கு. டிரஸ்டிகள் அப்பா, அம்மா, அண்ணன். பேரப்பிள்ளைகள் மூணு பேரும் பயனாளிகள். பத்திரத்துல "…குடும்ப அறக்கட்டளை, வாங்குபவர்"னு மட்டும் இருக்கு. அண்ணன் சிங்கப்பூர். அவருக்கு அப்பா பவர்ல கையெழுத்துப் போடறார்.

சீனியர்_சிவில்:
இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிக்கறதில்லை. டோக்கன் போட்ட பிறகுதான் டிரஸ்ட் பத்திரத்தையே பிரிச்சுப் பார்க்கறீங்க. 1882 இந்திய அறக்கட்டளைச் சட்டத்தை ஒரு தடவையாவது படிங்க.

தனியார் டிரஸ்ட் சட்டப்படி ஒரு நபர் இல்லை. சொத்து டிரஸ்டிகள் கையிலதான் நிக்கும். அதனால வாங்குபவர் பகுதியில ஒவ்வொரு டிரஸ்டியோட பேர், தகப்பனார் பேர், முகவரி போட்டு, "இன்ன தேதியில், இன்ன எண்ணில் பதிவான இன்ன குடும்ப அறக்கட்டளையின் அறங்காவலர்கள் என்ற முறையில்"னு எழுதணும். பட்டாவும் அப்படியே மாறணும். 48ஆம் பிரிவுப்படி எல்லா டிரஸ்டியும் சேர்ந்து செய்யணும். 47ஆம் பிரிவு டிரஸ்டி தன் வேலையை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கறதைத் தடுக்குது. டிரஸ்ட் பத்திரமே அனுமதிச்சிருந்தா மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. அப்பா கையில இருக்கற பவர் அதுல வருதான்னு முதல்ல பாருங்க.

டெல்டா_மணி:
சீனியர் சொன்ன வாசகத்தை மட்டும் மாத்தினா பதிவு ஆகிடலாம். சிக்கல் அப்புறம் வரும். அண்ணன் வெளிநாட்டுவாழ் இந்தியர்னா விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்க முடியாது. 2019 அந்நியச் செலாவணி விதிகள்ல 24ஆம் விதி. வாரிசு வழியா வந்தா வெச்சுக்கலாம், கிரயம் வாங்கக்கூடாது. டிரஸ்டியா அவர் பேர் வந்தா நிலம் அவர் பேர்லயும் நிக்கும்.

அடுத்தது, டிரஸ்ட் பத்திரத்துல முதலீட்டுப் பிரிவு என்ன சொல்லுது? அறக்கட்டளைச் சட்டம் 20ஆம் பிரிவுப்படி பத்திரம் அனுமதிச்ச முதலீட்டுலயும் அரசு அறிவிச்ச முதலீட்டுலயும்தான் டிரஸ்ட் பணத்தைப் போடலாம். வங்கி வைப்பு, கடன்பத்திரம்னு மட்டும் இருந்தா நிலம் வாங்கறது நம்பிக்கை மீறல். நாளைக்கு ஒரு பேரன் கேட்டா டிரஸ்டிகள் கைப்பணத்துல ஈடுகட்டணும்.

கீழத்தெரு_செல்வம்:
முதலீட்டுல வங்கி வைப்புன்னு மட்டும்தான் இருக்கு. திருத்தல் பத்திரம் போட்டா போதுமா?

டெல்டா_மணி:
திருத்த அதிகாரத்தை டிரஸ்ட் பத்திரமே கொடுத்திருந்தா போதும். இல்லைன்னா 11ஆம் பிரிவுப்படி எல்லாப் பயனாளியும் சம்மதிக்கணும். மைனர் இருந்தா அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம்தான் கொடுக்கும். பேரப்பிள்ளைகள் வயசு என்ன?

வாய்க்கால்_வரப்பு:
அப்போ அம்மா பேர்ல வாங்கிட்டு அப்புறம் டிரஸ்ட்டுக்கு மாத்திக்கலாமே. பெண்கள் பேர்ல பதிவுக் கட்டணம்கூட குறைவு.

பத்திரப்பட்டறை:
அந்த 1 சதவீதச் சலுகை 10 லட்சம் வரையான சொத்துக்குத்தான், 2025 ஏப்ரல்லேருந்து. நாலு ஏக்கர் நஞ்சைக்கு எட்டாது. டிரஸ்ட் பணத்தை எடுத்து அம்மா சொந்தப் பேர்ல வாங்கினா அதுவும் நம்பிக்கை மீறல். திரும்ப டிரஸ்ட்டுக்கு எழுதும்போது மறுபடி முத்திரைச் செலவு. இப்பவே 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் ஆகுது.

நாட்டாமை_நிலம்:
எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. குடும்பத்துக்கு ஏற்கெனவே நிலம் இருந்தா 15 ஏக்கர் உச்சவரம்பு. டிரஸ்ட் பேர்ல வாங்கினா அதுல சேராது, நல்ல வழி.

சீனியர்_சிவில்:
தப்பு. 1961 நிலச் சீர்திருத்தச் சட்டத்துல "நபர்"ங்கற வரையறைக்குள்ளயே டிரஸ்ட் வருது. 15 ஏக்கர்னு சொல்றதும் அரைகுறை. அது 15 தர ஏக்கர், அதாவது தீர்வையை (நிலவரியை) வெச்சுக் கணக்குப் போடற ஏக்கர், ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு. அதுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் 5 தர ஏக்கர் கூடும், 30க்கு மேல போகாது. தீர்வையைப் பொறுத்து நஞ்சைக்கும் புஞ்சைக்கும் கணக்கு வேற.

நாட்டாமை_நிலம்:
நஞ்சையில ஒரு ஏக்கர்னா ஒரு தர ஏக்கர்தானே?

சீனியர்_சிவில்:
இல்லை. நஞ்சையிலயே தீர்வை விகிதத்துக்கு ஏத்த மாதிரி மாறும். சிட்டாவுல தீர்வையைப் பார்த்துட்டுப் பேசுங்க.

நாட்டாமை_நிலம்:
எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கணக்கு போடறாங்க.

பத்திரப்பட்டறை:
உச்சவரம்புக்குத் தனி இழை போடுங்க. செல்வம், முன்பண ஒப்பந்தம் போட்டிருக்கீங்களா? 2012 டிசம்பர்லேருந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும். பதிவாயிருந்தா, அதுல போட்ட கெடு முடியறவரை விக்கறவர் சும்மா வேற ஆளுக்குக் கொடுத்துட முடியாது. கெடுவை நீட்டிக் கேளுங்க. அண்ணனை முதல்ல டிரஸ்டி பதவியிலேருந்து முறைப்படி விலக்குங்க: பத்திரத்துல விலகல் பிரிவு இருந்தா அதன்படி, இல்லைன்னா 71ஆம் பிரிவு. முதலீட்டு அதிகாரம் ரெண்டாவது. கிரயம் கடைசி. வரிசை மாறினா அத்தனையும் வீண். நிலத்துக்கான பணத்துல அண்ணன் அனுப்பினது எவ்வளவுன்னும் வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

கீழத்தெரு_செல்வம்:
டோக்கனை கேன்சல் பண்ணிட்டோம். விலகல் பிரிவு இருக்கு, திருத்த அதிகாரம் இல்லை. ரெண்டு பேரன் மைனர். வக்கீல் நீதிமன்ற மனு எழுதறார். விக்கறவர் மூணு மாசம் டைம் கொடுத்திருக்கார். எல்லாருக்கும் நன்றி.

டெல்டா_மணி:
அந்த மூணு மாசத்துல 30 வருஷ வில்லங்கச் சான்றும், தாலுகா ஆபீஸ்ல 'ஏ' பதிவேடும் (ஊர் நிலங்களோட அரசுப் பதிவேடு) பாருங்க. பஞ்சமி நிலம்னா, அதாவது பட்டியல் சாதியினருக்கு அரசு ஒப்படைச்ச நிலம்னா, பட்டா யார் பேர்ல இருந்தாலும் மத்தவங்க வாங்கற கிரயம் செல்லாது. பதிவு பெற்ற குத்தகைதாரர் யாராவது இருக்காரான்னும் கேளுங்க. இப்போ அதுல யார் உழறாங்க?