ஒரு பஸ் 3.7 காரா? வேளச்சேரி பால்கனி கணக்கு

சைதை எண்ணிக்கைக்காரி
நேத்து தண்ணி தேங்குறதைப் பத்தின இழையில வேளச்சேரி வாசி சார் போட்ட கணக்கைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறல. அதுக்குத்தான் இந்தத் தனி இழை. அங்க வராதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். விஜயநகர் பக்கம் அவர் வீட்டு பால்கனியில நின்னு சாயங்காலம் 6 மணியிலிருந்து அரை மணி நேரம் எண்ணியிருக்கார். ஒரு திசையில மட்டும் 1000 வண்டி. டூவீலர் 560, கார் 250, ஆட்டோ 85, பஸ் 40, லாரியும் தண்ணி லாரியும் சேர்த்து 35, சைக்கிள் முதலான மிச்சம் 30. "ஒரு பஸ் 3.7 காருக்குச் சமம்னு சாலை விதிப் புத்தகமே சொல்லுது. ஆகவே நெரிசலுக்குக் காரணம் பஸ்தான். பஸ் ஸ்டாப்பை மெயின் ரோட்டிலிருந்து தூக்கணும்"னு முடிச்சுட்டார்.

சார், நீங்க சொல்ற புத்தகம் ஐ.ஆர்.சி. 106, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்டது, 1990ஆம் வருஷத்துது. எந்த வண்டி எத்தனை காருக்குச் சமம்னு சொல்ற அதோட அட்டவணையில பஸ்சுக்கு ரெண்டு எண் இருக்கு. மொத்த ஓட்டத்துல 5 சதவீதம்னா 2.2. 10 சதவீதமும் அதுக்கு மேலயும்னா 3.7. உங்க 1000ல பஸ் 40. நாலு சதவீதம். அப்போ 2.2 தான். பாதி அட்டவணையைப் படிச்சுட்டு ஊர் ஜனம் ஏறுற ஸ்டாப்பைத் தூக்கச் சொல்லலாமா?

வேளச்சேரி வாசி
அம்மா, நான் 34 வருடம் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதி படித்துவிட்டுப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த வரிசையின் பெயர் "லாரி அல்லது பஸ்". இரண்டும் ஒரே வரிசை. பஸ்சை மட்டும் பிரித்து நாலு சதவீதம் என்று சொல்வது உங்கள் வசதி. கனரக வண்டி என்று பார்த்தால் 75. பத்து சதவீதத்தை நெருங்கிவிட்டது. 3.7 என்று எழுதியதில் தவறில்லை.

கதிர் சிவில்
ரெண்டு பேருமே மன்னிக்கணும். 75ன்னா 7.5 சதவீதம். 5க்கும் 10க்கும் சரியா நடுவுல. இடைப்பட்டதை விகிதப்படி பிரிச்சா 2.95 வரும். அதை விட முக்கியமா, பி.சி.யூ.ங்கிறது, அதாவது இந்த 'இத்தனை காருக்குச் சமம்'ங்கிற எண், ஒரு ரோடு எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட வச்சிருக்கிற அலகு. எந்த வண்டி ரோட்டுல இருக்கலாம், எது கூடாதுன்னு சொல்ற அளவு இல்ல. முதல்ல அதைப் பேசிட்டு மேல போகலாமே?

வேளச்சேரி வாசி
தம்பி 2.95 என்கிறார். அந்த அம்மா 2.2 என்றார். ஆக 2.2 தவறு என்று இரண்டாவது பதிலிலேயே நிரூபணமாகிவிட்டது. நன்றி தம்பி.

சைதை எண்ணிக்கைக்காரி
என்ன நிரூபணம்? 3.7ம் தப்புன்னுதானே கதிர் சொல்றார்? அதை ஏன் சார் முழுங்கிட்டீங்க?

சரி, உங்க வழிக்கே வர்றேன். 3.7ன்னே வச்சுக்கோங்க. 40 பஸ்சை 3.7ஆல பெருக்கினா 148. கார் 250, ஒண்ணுக்கு ஒண்ணு, அதனால 250. ஆட்டோ 85, எட்டரை சதவீதம். அட்டவணைப்படி 1.2க்கும் 2க்கும் நடுவுல 1.76 வரும். பெருக்கினா கிட்டத்தட்ட 150. டூவீலர் 560, தலா 0.75, மொத்தம் 420. உங்க எண்ணை வச்சே ரோட்டை அதிகம் அடைச்சது டூவீலர், அடுத்தது கார். ஆட்டோவும் பஸ்சும் ஒரே அளவு. சாயங்காலம் 6 மணிக்கு வேளச்சேரி பஸ்ஸில எத்தனை பேர் தொங்கிட்டு வர்றாங்கன்னு பால்கனியிலிருந்து தெரியலையா? ஒரு பஸ்சுக்கு 50 பேர்னு வச்சாலும் 40 பஸ்ஸில 2000 பேர். 250 காரில் எத்தனை பேர் இருந்தாங்கன்னு எண்ணினீங்களா? எண்ணியிருக்க மாட்டீங்க.

2006ல மத்திய அரசு கொண்டு வந்த தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை என்ன சொல்லுது? ரோட்டை வண்டிக்குப் பங்கு போடாதே, மனுஷனுக்குப் பங்கு போடுன்னு சொல்லுது. அது வந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் வண்டியை மட்டும் எண்ணிட்டு இருக்கோம்.

வேளச்சேரி வாசி
"3.7ன்னே வச்சுக்கோங்க" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளட்டும்.

பைபாஸ் பாண்டி
என்னண்ணே இது, தண்ணி லாரியக் கொண்டாந்து பஸ்ஸோட சேத்துட்டீக? நான் ஆறு வருசம் தண்ணி லாரி ஓட்டுனவன். ரொப்புன லாரி சிக்னல்ல நின்னுட்டு எடுக்கும்போது எம்புட்டு மெதுவா நகரும் தெரியுமா? உள்ள தண்ணி முன்னயும் பின்னயும் அடிக்கும், பிரேக்க மிதிச்சாலும் வண்டி ஒரு தள்ளு தள்ளிட்டுத்தான் நிக்கும். காலி லாரி அப்படி இல்ல, பறக்கும். ரெண்டுக்கும் ஒரே எண்ணப் போட்டு வச்சிருக்காய்ங்கன்னா அந்தப் புஸ்தகத்த எழுதுனவுக தண்ணி லாரில ஏறிப் பாக்கல.

வேளச்சேரி வாசி
ஐயா, லாரிகள் குழாய் ஓரமாக இரட்டை வரிசையில் நிற்பதைப் பற்றியும் பேசலாமா?

பைபாஸ் பாண்டி
பேசுங்க. உங்க அடுக்குமாடிக்குத் தண்ணி எதுல வருதுன்னும் சேத்துப் பேசுங்க.

டேட்டா டேவிட்
2025லயும் பால்கனி, பென்சில், 1990 அட்டவணையா? 2017லயே மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் (சி.ஆர்.ஆர்.ஐ.) இந்தோ-எச்.சி.எம்.ங்கிற சாலைத் திறன் கையேட்டை வெளியிட்டாச்சு. ரோட்டு வகை, வண்டிக் கலவை, ஓட்டம் எல்லாத்தையும் பொறுத்து பி.சி.யூ. மாறும்னு அதுல இருக்கு. கம்பத்துக்குக் கம்பம் கேமரா இருக்கு, எல்லார் பாக்கெட்லயும் போன் இருக்கு. கூகுள் மேப்ல சிவப்புக் கோடு தெரியுது. இன்னும் எதுக்கு ஆளை உக்கார வச்சு எண்ணணும்?

சைதை எண்ணிக்கைக்காரி
டேவிட், கூகுள் மேப் சிவப்புக் கோடு வேகத்தைச் சொல்லும். எத்தனை வண்டி, என்ன வண்டின்னு சொல்லாது. ஒரு பஸ்ஸில 50 போன் இருக்கும், பக்கத்துல ஒரு காரில் ஒரு போன் இருக்கும். அந்தக் கோட்டுல ரெண்டும் ஒரே வேகம்தான். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம், ஆனா அது சுங்கச் சாவடியில மட்டும். டூவீலருக்கு அங்க கட்டணமே கிடையாது, அதனால அது கணக்குலயே வராது. கேமராவைச் சொல்றீங்க. பஸ் நின்னா அதுக்குப் பின்னாடி மறைஞ்சு வர்ற ஆட்டோவை அது எப்படிப் பார்க்கும்? ராத்திரி மழையில ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டுல பரவினா ஒட்டி ஒட்டி வர்ற நாலு பைக்கை ரெண்டுன்னு எடுக்கும். கேமரா வேண்டாம்னு நான் சொல்லல. கேமரா எண்ணினதை ஒரு மணி நேரமாவது ஒரு மனுஷன் கூட நின்னு சரிபார்க்கணும்.

நான் காலேஜ் படிக்கும்போது சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்துல எண்ணியிருக்கேன். ஏன் பாலம்னு யாராவது யோசிச்சீங்களா? அடையாறு ஆத்தைத் தாண்டாம தெக்கயிருந்து வடக்க யாரும் போக முடியாது. இங்க மறைமலை அடிகள் பாலம், அந்தப் பக்கம் கோட்டூர்புரம், அடையாறுல திரு.வி.க. பாலம்னு எல்லாத்துலயும் ஒரே நாள் ஆள் நிறுத்தி எண்ணினா, ஊரோட அந்தப் பாதியிலிருந்து இந்தப் பாதிக்கு எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சிடும். வீடு வீடா போய் "எங்க போறீங்க, எதுல போறீங்க"ன்னு கேட்டு எடுத்த கணக்கை இதோட ஒத்துப் பார்ப்பாங்க. ஒத்து வரலைன்னா வீட்டுக் கணக்குல எங்கயோ தப்பு.

15 நிமிஷத்துக்கு ஒரு வரிசை. நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்கே இழுக்கணும். காலையில 9 மணிக்கு டூவீலர் கட்டத்துல கோடு போட இடமே இருக்காது, ஓரத்துல எல்லாம் எழுதி வச்சிருப்போம். எங்க கூட வந்த ஒருத்தன் ராத்திரி ஷிப்ட்ல தூங்கிட்டு விடியக்காலையில உக்காந்து ரொப்பிட்டான். எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் ஆட்டோ 11, 12, 11, 12, 11, 12, 11, 12. நிஜமான ரோடு அப்படி இருக்காது. 3 வரும், 19 வரும், திடீர்னு ஒண்ணுமே வராது. வேலை குடுத்தவங்ககிட்ட சொன்னேன். பேர் வேண்டாம். அடுத்த எண்ணிக்கைக்கு என்னைக் கூப்பிடல, அவனைக் கூப்பிட்டாங்க. அந்தத் தாளை நம்பி எங்கயோ ஒரு சிக்னல் நேரம் வச்சிருப்பாங்க. அதை இன்னிக்கு நினைச்சாலும் எரியுது. அதனாலதான் சார், அரை மணி நேரம் பால்கனியில நின்னு ஸ்டாப்பைத் தூக்குன்னு சொன்னா கோவம் வருது.

டேட்டா டேவிட்
அப்போ மனுஷன்தான் பொய் எழுதுறான்னு நீங்களே சொல்றீங்க. கேமரா தூங்காது.

சைதை எண்ணிக்கைக்காரி
ஒருத்தன் தூங்கினான். பாலத்துல இருந்த மத்த அஞ்சு பேர் தூங்கல. மழையில பென்சில் கோடு அழிஞ்சிடும்னு பேனா வாங்கிட்டு வந்து உக்காந்தோம்.

வேளச்சேரி வாசி
உங்கள் சொந்தக் கதை நன்று. 3.7க்குப் பதில் வரவில்லை.

நிழற்குடை
நான் அந்த ஸ்டாப்பில்தான் தினமும் ஏறுகிறேன். ஸ்டாப்பை உள்ளே போட்டால் நாங்கள் மெயின் ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில். நடக்கிறவர்களுக்கு எத்தனை பி.சி.யூ. சார்? உங்கள் பட்டியலில் நடப்பவர்களுக்கு ஒரு கட்டமே இல்லையே.

தெற்கு மாட வீதி
இலவசமா ஏறுறவங்க நாலு தப்படி நடந்தா என்ன? ஓசி பஸ்தானே.

நிழற்குடை
அந்த வார்த்தையை எடுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு பதினைந்து வருடம் நான் டிக்கெட் வாங்கித்தான் போனேன். உங்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காருக்கு ரோட்டில் வாடகை கொடுக்கிறீர்களா?

சைதை எண்ணிக்கைக்காரி
தெற்கு மாட வீதி, அந்தக் கட்டணமில்லாப் பயணத்துக்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிறார், கவனிச்சிருக்கீங்களா? அதுதான் கணக்கு. எத்தனை பெண்கள் எந்த ரூட்ல ஏறினாங்கன்னு அந்தச் சீட்டு சொல்லுது. நீங்க "ஓசி"ன்னு சொல்ற சீட்டு ஒவ்வொண்ணும் ஒரு ஆள் ரோட்டுல போனதுக்குச் சாட்சி. காருக்கு அப்படி ஒரு சீட்டு இருக்கா?

தெற்கு மாட வீதி
போன வருஷம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் இழையிலயும் நீங்க இப்படித்தான் கூட்டம் சேர்த்து என்னை மடக்கினீங்க. மறக்கல.

சைதை எண்ணிக்கைக்காரி
அங்கயும் நான் சொன்னது சரிதான். 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கம் திறந்த பிறகு, கோயம்பேட்டுக்காக எண்ணி வச்ச பழைய கணக்கை வச்சு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பேசாதீங்கன்னு சொன்னேன். பஸ் போற இடமே மாறிடுச்சு, பழைய எண் எப்படிப் பொருந்தும்? அதே தப்பைத்தான் வாசி சாரும் பண்றார். சார், நீங்க எண்ணின தேதியைப் பழைய இழையில போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஊருக்குப் போற கூட்டம் கிளம்புற சாயங்காலம். கிளாம்பாக்கத்துக்குக் கூடுதல் பஸ் விடுற நாள். அன்னிக்கு எண்ணி வருஷம் பூரா இப்படித்தான்னு எழுதுறதா? நெடுஞ்சாலைக்கே ஏழு நாள், 24 மணி நேரம் தொடர்ந்து எண்ணச் சொல்லுது விதி. வருஷத்துல ரெண்டு தடவை.

வேளச்சேரி வாசி
அது நகரத்துக்கு வெளியே உள்ள சாலைகளுக்கான விதி. ஐ.ஆர்.சி. 9. தேடிப் படித்துவிட்டேன். நகரச் சாலைக்கு அதைக் காட்டாதீர்கள். மேலும் அன்று பஸ் அதிகம் என்று நீங்களே சொல்வதால் என் வாதம் வலுக்கிறது.

சைதை எண்ணிக்கைக்காரி
எப்படி சார் வலுக்கும்? அன்னிக்கு மட்டும் அதிகம்னா மத்த நாள் கம்மி. கம்மின்னா சதவீதம் இறங்கும். இறங்கினா 2.2 தான்!

கதிர் சிவில்
அட்டவணையில லாரியும் பஸ்சும் ஒரே வரிசைங்கிறது உண்மை. ஆனா ரெண்டு பேருமே அதைத் தப்பான கேள்விக்குப் பயன்படுத்துறீங்க. ஸ்டாப்புல பஸ் எத்தனை விநாடி நிக்குது, நிக்கும்போது எத்தனை லேன் அடைபடுது, அதைத்தான் அளக்கணும். பி.சி.யூ.வுல அது வராது. நான் முதல்லயே சொன்னது…

வேளச்சேரி வாசி
"ஒரே வரிசைங்கிறது உண்மை." போதும் தம்பி.

பைபாஸ் பாண்டி
ஒரே வரிசையாம்ல. ரொப்புன லாரியும் பஸ்ஸும் ஒண்ணா? நாளைக்கி வந்து ஸ்டியரிங்கப் பிடிங்க அண்ணே, அப்பறம் வரிசை போடுவோம்.

சைதை எண்ணிக்கைக்காரி
வர்ற செவ்வாய்க்கிழமை. பண்டிகை இல்ல, ஸ்கூல் லீவு இல்ல. காலை 7லிருந்து ராத்திரி 9 வரை நான் அந்த ஸ்டாப்புல நிக்கப் போறேன். 15 நிமிஷத்துக்கு ஒரு தாள். பஸ் தனிக் கட்டம், தண்ணி லாரி தனிக் கட்டம், ரொப்பினது காலின்னு பாண்டி அண்ணே சொன்ன மாதிரி ரெண்டா பிரிச்சு. நடக்கிறவங்களுக்கும் ஒரு கட்டம். கதிர், ஸ்டாப்வாட்ச்சோட வாங்க. பஸ்சுக்குள்ள ஆள் எண்ண நிழற்குடை கூட நிக்கிறேன்னு தனிச் செய்தியில சொல்லியிருக்காங்க. வாசி சார், நீங்களும் இறங்கி வாங்க.

வேளச்சேரி வாசி
நான் ஏன் இறங்க வேண்டும்? என் பால்கனியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. செவ்வாய் அன்று நானும் எண்ணுவேன், என் தாளில், என் கட்டங்களில். லாரியும் பஸ்சும் ஒரே வரிசை.

சைதை எண்ணிக்கைக்காரி
தனித்தனி வரிசை.

வேளச்சேரி வாசி
ஒரே வரிசை. 3.7.