பரணில் இருந்த ஷார்டனே ஒயின்: குடிக்கலாமா, குழம்பில் ஊற்றலாமா?

எல்லாருக்கும் வணக்கம், குளச்சலில் இருந்து எழுதுகிறேன். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் போன வருசம் இரண்டு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டு வந்தான். ஒன்று பிரான்சின் ஷப்லி, இன்னொன்று கலிஃபோர்னியா. கிறிஸ்துமஸுக்குக் கலிஃபோர்னியாவைத் திறந்தோம். வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசம். பரணியில் கறுப்புத் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டு ஊறவைக்கும் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பே இல்லையே மக்களே" என்று தள்ளிவிட்டாள்.

இரண்டுமே ஷார்டனே என்ற ஒரே திராட்சைதானாம். அதன் பூர்வீகம் பிரான்சின் பர்கண்டி பகுதி. ஓக் பீப்பாயில் வைத்தால் வெனிலா வாசம் ஏறும். பாக்டீரியா புளிப்பான மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வெண்ணெய் வாசம் வரும். ஷப்லியில் பெரும்பாலும் பீப்பாய் வாசமே இருக்காது, எலுமிச்சை போலச் சுள்ளென்று இருக்கும் என்று படித்தேன்.

பிரச்சினை அந்த ஷப்லிதான். மயினி அதைப் பரணில் நிறுத்தி வைத்துவிட்டாள், அதுவும் ஓட்டுக்கு நேர் கீழே. கோடை முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது. இப்போது பார்த்தால் தக்கை ஒரு நெல் அளவு மேலே தள்ளி நிற்கிறது, நிறமும் தேன் மாதிரி ஆகிவிட்டது. சூட்டில் கெட்டிருக்குமா? திறந்ததும் எந்த வாசத்தை வைத்துக் கண்டுபிடிப்பது?

நன்றாக இருந்தால் பொரித்த நெய்மீனோடு குடிக்கலாம் என்று நினைக்கிறேன். தேங்காய் அரைத்த புளிக்குழம்புக்கு ஒத்துவருமா? அப்புறம், தக்கை திருகி யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள். போன தடவை ஆணியும் கொறடும்தான்.