ஃபிளாக் கோப்புகளைக் காரில் கேட்க எந்த வடிவத்துக்கு மாற்றலாம்?

கேள்வி (காரைக்குடி):
ஆயா பாடிய தாலாட்டும் வீட்டுக் கல்யாண நாதஸ்வரமும் பதிவான பழைய கேசட்டுகளைக் கணினியில் ஃபிளாக் (FLAC, ஒலித்தகவலை இழக்காமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக ஏற்றி வைத்திருக்கிறேன். என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தெளிவாக ஒலிக்கும் இவற்றை, வளவில் உள்ள ஸ்பீக்கர் பெட்டியும் கார் பிளேயரும் பென்டிரைவிலிருந்து எடுக்க மறுக்கின்றன. தங்கையின் ஐபோனில் ஆப்பிள் மியூசிக் செயலியும் ஏற்பதில்லை. தரம் குறையாமல் மாற்ற வழி உண்டா?

பதில் (தேவகோட்டை):
ஐயா, ஐபோனுக்கு ஆப்பிளின் ஏஎல்ஏசி (ALAC) வடிவம் போதும். ஃபிளாக்கைப் போலவே அதிலும் ஒலித்தகவல் எதுவும் இழக்கப்படுவதில்லை. காருக்கும் பெட்டிக்கும் எம்பி3தான் பொருந்தும். அதில் ஓரளவு இழப்பு உண்டு என்றாலும், கேசட்டின் இரைச்சலோடு வந்த பதிவில் 192 கேபிபிஎஸ் (நொடிக்கு 192 கிலோபிட் தகவல்) வேகத்துக்கு மேல் போவது, என் கணிப்பில், இடத்தை அடைப்பதுதான். சிடி தரத்திலான, சுருக்காத வேவ் (WAV) கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும்; 192 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். ஃபிளாக் மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஏனெனில் எம்பி3யை மறுபடி ஃபிளாக்காக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது.

பதில் (பள்ளத்தூர்):
மாற்றுவதற்கு ஃபூபார்2000 அல்லது எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளந்து பதியப்படுகிறது என்பது) 96 கிலோஹெர்ட்ஸாக இருந்தால் 44.1க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ் முறையைப் பல கார் பிளேயர்கள் படிப்பதில்லை. தமிழில் வைத்த பெயர்கள் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.